ஐந்தாவது பெயர்

கல்லூரி கோல்ஃபில் புதிய சீசன் தொடங்குகிறது என்றால் முதலில் எழும் பேச்சு, எந்த அணியில் யார் நம்பர் ஒன் என்பதுதான். கோடையில் எந்த அமெச்சூர் போட்டியில் யார் வென்றார், யார் ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறினார், அடுத்த ஆண்டு யார் தொழில்முறைக்குப் போவார் என்று கணக்குப் போடுவார்கள். எனக்கும் அதில் ஆர்வம் உண்டு. ஆனால் ஒரு அணியை முழு சீசனும் பின்தொடர ஆசைப்படுகிறவர் கேட்டால், பட்டியலைக் கீழிருந்து படியுங்கள் என்றுதான் சொல்வேன். ஐந்தாவது பெயரிலிருந்து தொடங்குங்கள். அணியின் உண்மையான பலம் அங்கேதான் தெரியும்.

காரணம் ஆட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி கோல்ஃபில் ஒரு அணிக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். பந்தை அடிக்கும் ஒவ்வொரு அடியும் ஒரு ஸ்ட்ரோக், அது குறைந்தால்தான் நல்ல ஸ்கோர். ஒவ்வொரு சுற்றிலும் சிறந்த நான்கு ஸ்கோர்கள் மட்டும் சேரும். ஐவரும் 68, 70, 71, 73, 79 என்று அடித்தால் அணியின் ஸ்கோர் 282. அந்த 79 அணிக் கணக்கில் எங்கும் இல்லை, அடித்தவரின் சொந்தக் கணக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் அதே ஆள் 70 அடிக்கிறார், முந்தின நாள் 68 அடித்த நட்சத்திரம் 78 அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது விழுந்துபோவது நட்சத்திரத்தின் ஸ்கோர். ஐந்தாமவர் அன்று 70 அடிக்காமல் 78-ஐத் தாண்டியிருந்தால் அந்த 78 அப்படியே அணியின் தலையில் ஏறியிருக்கும். எட்டு ஸ்ட்ரோக். ஒன்றிரண்டு ஸ்ட்ரோக்கில் கோப்பை கைமாறும் ஆட்டத்தில் எட்டு என்பது மலை.

இன்னொன்றும் உண்டு. ஐவரில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனாலோ, ஸ்கோர் கார்டில் தவறாகக் கையெழுத்திட்டுத் தகுதி இழந்தாலோ, மீதி நான்கும் அப்படியே எண்ணப்படும். விழவைக்க எதுவும் மிஞ்சாது. அந்த நிலையில் ஆடும் அணியைப் பார்த்திருந்தால் தெரியும்: இரண்டடி தூரப் பட் (கிரீனில், அதாவது குழியைச் சுற்றிய குட்டைப் புல்லில், பந்தை உருட்டும் அடி) என்றால்கூட நான்கு பேரும் நேரம் எடுத்துக் குனிந்து பார்ப்பார்கள்.

நான் பின்தொடரும் அணி, வீட்டிலிருந்து காரில் போய்வரும் தூரத்திலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணி. பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆடுகிறவர்கள் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகள். அவர்களுடைய மோசமான நாட்களைப் பற்றியும் நான் எழுத வேண்டியிருக்கிறது. தேசிய மேடையில் நின்றவர்களின் பெயர்கள் ஏற்கெனவே செய்தியில் வந்தவை, அவற்றை எழுதுவதில் தயக்கமில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் அவர்கள் பாட்டுக்கு ஆடட்டும்.

சீசன் தொடங்குவது முதல் போட்டியில் அல்ல. ஆகஸ்ட் கடைசியில் வகுப்புகள் திறந்ததும் அணிக்குள்ளேயே நடக்கும் குவாலிஃபையிங் சுற்றுகளில்தான் அது தொடங்குகிறது. முதல் போட்டிக்கு எந்த ஐவர் போவார்கள் என்பதை அந்தச் சுற்றுகள் முடிவுசெய்யும். முறை அணிக்கு அணி மாறும். சில பயிற்சியாளர்கள் ஐந்து இடத்தையும் ஸ்கோரிடமே விட்டுவிடுவார்கள். பலர் மூன்று நான்கு இடங்களைச் சுற்றுகளுக்கு விட்டு, மீதியைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள். போன வருடம் நன்றாக ஆடிய ஒருவருக்குக் குவாலிஃபையிங்கிலிருந்து விலக்கு தருகிறவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் ஒரே அறையில் தங்கி, ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஒரே காரில் மைதானத்துக்கு வருகிற இரண்டு பேர், அங்கே இறங்கியதும் ஒருவரை ஒருவர் வீட்டில் உட்காரவைக்க ஆடியாக வேண்டும். கல்லூரி விளையாட்டில் இதைவிடக் கடினமான சுற்று எனக்குத் தெரிந்து இல்லை. வெளி அணியிடம் தோற்றால் தோளில் கைபோட ஆள் இருக்கும். இங்கே தோற்கடித்தவனே அந்த ஆள்.

இந்தப் போட்டி சமீபத்தில் இன்னும் இறுகியிருக்கிறது. முன்பெல்லாம் கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான முதல் பிரிவில் ஆண்கள் அணி ஒன்றுக்கு மொத்தம் 4.5 ஸ்காலர்ஷிப், பெண்கள் அணிக்கு 6. அந்த நாலரையைப் பயிற்சியாளர் எட்டு பத்து பேருக்குப் பிரித்துக் கொடுப்பார். ஒருவருக்குப் பாதி, ஒருவருக்குக் கால், இன்னொருவருக்குப் புத்தகச் செலவு. ஸ்காலர்ஷிப் எதுவும் இல்லாமல் வெறும் ஆசையில் சேர்ந்து நிற்கும் பிள்ளைகளும் இருந்தார்கள். 2025 ஜூனில், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தபிறகு கணக்கு தலைகீழானது. அந்தச் சமரசத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு ஸ்காலர்ஷிப்புக்கு உச்சவரம்பு இல்லை. ஆள் எண்ணிக்கைக்கு உண்டு. கோல்ஃபுக்கு ஒன்பது பேர். பணம் உள்ள இடங்களில் ஒன்பது பேருக்கும் முழு உதவி தரலாம். ஆனால் பத்தாவதாக ஒருவரை வைத்துக்கொள்ள முடியாது. மூன்று வருடம் பொறுமையாக நின்று நான்காவது வருடம் அணிக்குள் வந்த பழைய கதைகளுக்கு இனி இடம் குறைவு என்பது எனக்கு வருத்தம்தான். இன்னொரு பக்கம், முழுக் கட்டணமும் கிடைத்துப் படிக்கவரும் பிள்ளைகள் கூடுவார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

ஒன்பதில் ஐந்து பேர் பயணம் போவார்கள். நான்கு பேர் வகுப்புக்குப் போவார்கள். சில போட்டிகளில் அணிக்கு வெளியே தனிநபராக ஒருவரை ஆடவிடுவார்கள். அவர் எவ்வளவு அடித்தாலும் அணிக்குச் சேராது, ஆனால் அடுத்த முறை பயிற்சியாளர் கண்ணில் நிற்பார். தனிநபராகப் போய் அணியிலுள்ள ஐவரையும் முந்திவிட்டுத் திரும்புகிற பையனை அடுத்த வாரம் குவாலிஃபையிங்கில் பார்க்க வேண்டும், நடையே வேறாக இருக்கும்.

சீசன் இரண்டு துண்டு. செப்டம்பரிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை ஒன்று. ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரியிலிருந்து மே மாதம்வரை மற்றொன்று. வழக்கமான போட்டி 54 ஹோல், அதாவது 18 ஹோல் வீதம் மூன்று சுற்று. பல இடங்களில் முதல் நாளே 36 ஹோல் ஆடி, மறுநாள் 18 ஆடி, அன்று மாலையே விமானம் ஏறிவிடுவார்கள். திங்களும் செவ்வாயும் ஆட்டம், புதன் காலை வகுப்பு. பை சுமந்து உதவும் கேடி கிடையாது. பையைத் தோளில் சுமக்க வேண்டும், இல்லையென்றால் தள்ளுவண்டியில் வைத்து உருட்ட வேண்டும். ஒரே நாளில் 36 ஹோல் நடப்பது பத்து மைலுக்கும் மேல். இரண்டாம் சுற்றின் கடைசி ஆறு ஹோல்களில் யாருடைய தோள் இறங்குகிறது, யார் இன்னும் நிதானமாகக் காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதைக் கவனிப்பேன். அந்த நேரத்தில்தான் ஒரு அணி முழுசாக வெளியே தெரிகிறது.

பார்க்கப் போகிறவர்களுக்கு இதைப்போல் வசதியான விளையாட்டு இல்லை. சாதாரணக் கல்லூரிப் போட்டிகளில் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது, கயிறு கட்டியிருக்காது. வண்டிப் பாதையோரம் கூடவே நடக்கலாம். கூட்டம் என்றால் பெற்றோர்கள்தான். ஒவ்வொருவரும் தன் பிள்ளையின் குழுவோடு நடப்பார்கள், கையில் தொலைபேசி, அதில் மற்ற நான்கு பேரின் ஸ்கோர். பல வருடங்களாகக் கோல்ஃப்ஸ்டாட் தளத்தில் பார்த்தது, இப்போது கிளிப்ட் நிறுவனத்தின் ஸ்கோர்போர்டில் வருகிறது. பயிற்சியாளர்களும் மைதானத்திலேயே இருப்பார்கள். தொழில்முறை ஆட்டத்தில் வீரருக்கு ஆலோசனை சொல்லும் உரிமை கேடிக்கு மட்டும்தான், கல்லூரியில் அது பயிற்சியாளருக்கு உண்டு. தலைமைப் பயிற்சியாளர் ஒரு கஷ்டமான பார் மூன்றில் (மூன்று அடியில் முடிக்க வேண்டிய ஹோலில்) நின்றுகொண்டு வருகிற ஒவ்வொருவரிடமும் எந்தக் கிளப் என்று பேசுவார். துணைப் பயிற்சியாளர் அன்று தடுமாறுகிற ஒருவரோடு சேர்ந்து நடப்பார். யாரோடு நடக்கிறார் என்று பார்த்தாலே போதும், அன்றைய அணியின் கவலை எங்கே என்று புரிந்துவிடும். பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது ஆளோடுதான்.

போட்டிக்குப் போனாலும், வீட்டிலிருந்து ஸ்கோர் பார்த்தாலும் ஒரு குறிப்பு எழுதிக்கொள்வது என் வழக்கம்: இந்தச் சுற்றில் விழுந்த ஸ்கோர் எது, யாருடையது? தரவரிசை சொல்லாததை இந்த ஒரு பத்தி சொல்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே ஆளுடைய ஸ்கோர் விழுந்தால் அந்த அணி நான்கு பேர் அணி. விழுகிற ஸ்கோர் வெவ்வேறு பேரிடமிருந்து வந்து, அதுவும் 74, 75 என்ற அளவில் நின்றால், அது மே மாதம்வரை தாங்கும் அணி. தனிநபர் பட்டியலில் முதலிடம் பிடிக்கும் ஒருவர் இருந்தும் அணி எட்டாவதாக முடிக்கும் புதிரும் இதிலேயே அவிழ்ந்துவிடும்.

குளிர்காலம் வந்தால் நிலைமை இடத்துக்கு இடம் மாறும். தெற்கேயும் கலிஃபோர்னியாவிலும் உள்ள அணிகள் ஜனவரியிலும் புல்லில் ஆடும். வடக்கே பனியில் மைதானம் மூடியிருக்கும். உள்ளரங்கில் வலையைப் பார்த்து அடிப்பதும், செயற்கைத் தரையில் பட் போடுவதும்தான் பயிற்சி. இது பெரிய குறை என்று நினைப்பவர்களுக்கு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைக் காட்டலாம். சிகாகோவை ஒட்டிய இவான்ஸ்டனில் இருக்கிறது. அங்கே படித்த லூக் டொனால்ட் 1999-இல் தேசியத் தனிநபர் பட்டம் வென்றார். 2025 மே மாதம் அதன் பெண்கள் அணி இறுதிப்போட்டியில் ஸ்டான்ஃபோர்டை 3–2 என்று வென்று முதல் தேசிய அணிப் பட்டத்தைப் பிடித்தது. ஸ்டான்ஃபோர்ட் அதற்கு முந்தைய ஆண்டின் சாம்பியன். 2022-இலும் வென்ற அணி.

அந்த 3–2 என்ற எண்தான் நான் சொல்லவந்ததன் நடுப்பகுதி. மே மாதம் ஆறு மண்டலப் போட்டிகள் நடக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்து அணி, மொத்தம் 30 அணி தேசியப் போட்டிக்குப் போகும். அங்கே 54 ஹோல் முடிந்ததும் 15 அணியாகக் குறையும், 72 முடிந்ததும் எட்டு. அதுவரை ஐந்தில் நான்கு என்ற பழைய கணக்கு. தனிநபர் சாம்பியனும் அங்கேயே முடிவாகிவிடுவார். எட்டு அணி மிஞ்சியதும் விதி மாறுகிறது. ஆண்களுக்கு 2009 முதலும் பெண்களுக்கு 2015 முதலும் மேட்ச் பிளே: மொத்த ஸ்கோர் அல்ல, யார் அதிக ஹோல்களை வென்றார் என்பதே கணக்கு. ஐந்து பேர் எதிரணியின் ஐந்து பேரோடு ஒருவருக்கொருவர் மோதுவார்கள். ஒரு வெற்றிக்கு ஒரு புள்ளி, மூன்று எடுத்த அணி மேலே போகும்.

ஆண்டு முழுதும் விழுந்துபோகக்கூடிய ஸ்கோராக இருந்தவருக்கு அன்று நம்பர் ஒன்னுக்கு இருக்கும் அதே ஒரு புள்ளி. நம்பர் ஒன் ஏழு ஹோல் வித்தியாசத்தில் வென்றாலும் ஒன்று. ஐந்தாமவர் கடைசி ஹோலில் ஒன்றால் வென்றாலும் ஒன்று. நல்ல நாளில் அவர் சேர்க்கும் புள்ளியை மற்றவர்கள் ஈடுசெய்ய முடியாது. கெட்ட நாளில் அவரை ஒளித்துவைக்கவும் முடியாது. தேசியப் போட்டியில் ஆறாவதாக ஒரு மாற்று வீரரை அழைத்துப்போய்ச் சுற்றுகளுக்கு நடுவே இறக்கும் வசதி இப்போது உண்டு. ஆக ஆகஸ்டில் வீட்டில் உட்கார்ந்த ஆள்கூட மே மாதக் கடைசியில் கோப்பைக்கான புள்ளியோடு முதல் அடி அடிக்கும் இடத்தில் நிற்கலாம். இந்த மாற்றத்தை விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். நான்கு நாள் ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் முறையில்) முதலாவதாக வந்த அணி, அடுத்த நாள் காலை ஒரு மேட்சில் தோற்று வெளியேறுவது நியாயமா என்று கேட்பார்கள். கேள்வி சரிதான். ஆனாலும் ஐந்து பேரையும் சமமாக நிறுத்துகிற ஒரு முறை ஆண்டுக்கு ஒருதடவையாவது இருக்கட்டும் என்பது என் கட்சி.

2016-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தேசியப் போட்டி ஓரிகன் மாநிலத்தின் யூஜீனில் நடந்தது, ஓரிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். அந்த அணியின் பயிற்சியாளர் கேசி மார்ட்டின். கல்லூரி நாளில் ஸ்டான்ஃபோர்டுக்காக ஆடி 1994-இல் தேசியப் பட்டம் வென்ற அணியில் இருந்தவர், டைகர் உட்ஸோடு ஒரே அணியில் ஆடியவர். வலது காலில் பிறவியிலேயே ரத்த ஓட்டக் கோளாறு. நடந்து ஆட முடியாது. போட்டியில் வண்டி ஓட்டிக்கொண்டு போக அனுமதி கேட்டு, தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் பி.ஜி.ஏ. டூர் மேல் வழக்குப் போட்டு, 2001-இல் உச்ச நீதிமன்றத்தில் 7–2 என்ற தீர்ப்பில் வென்றார். 2006 முதல் ஓரிகனில் பயிற்சியாளர். 2021-இல் அந்தக் காலையே எடுக்க வேண்டிவந்தது.

இறுதியில் எதிரே டெக்ஸஸ். அதில் ஸ்காட்டி ஷெஃப்லர் இருந்தார். பின்னாளில் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தவர். அவரைவிட அன்று பேசப்பட்டவர் போ ஹாஸ்லர், அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹாஸ்கின்ஸ் விருது பெற்றவர். அரையிறுதியில் ஹாஸ்லருக்குத் தோள்பட்டையில் அடிபட்டது. இறுதியில் அவரால் ஆட முடியவில்லை. அவருடைய மேட்ச் அப்படியே ஓரிகனுக்குப் போனது. மீதி நான்கு மேட்சில் மூன்று முடிந்தபோது கணக்கு இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. மிஞ்சியது ஓரிகனின் சல்மான் ராஸாவும் டெக்ஸஸின் டெய்லர் ஃபங்கும். ஃபங்க், தொழில்முறை வீரர் ஃப்ரெட் ஃபங்கின் மகன். 18 ஹோலில் முடியாமல் கூடுதல் ஹோல்களுக்குப் போய், மூன்றாவது கூடுதல் ஹோலில் ராஸா வென்றார். ஓரிகனுக்கு கோல்ஃபில் முதல் தேசிய அணிப் பட்டம்.

அந்த வாரம் தனிநபர் பட்டம் வென்றவர் அதே ஓரிகன் அணியின் ஆரன் வைஸ். தலைப்புச் செய்திக்குரிய ஆள் அவர்தான். கோப்பைக்கான கடைசிப் புள்ளி வந்தது ராஸாவிடமிருந்து. யாருடைய ஆட்டத்தில் கடைசி நிமிடம் வந்து நிற்கும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஐந்து பேரையும் செப்டம்பரிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

மேல்நிலை வீரர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.ஜி.ஏ. டூர் யூனிவர்சிட்டி என்ற தரவரிசை 2020-இல் வந்தது. 2023 முதல் அதில் முதலிடம் பிடிக்கும் கடைசி வருட மாணவருக்கு நேரடியாக டூர் அட்டை, அதாவது அந்தத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் உரிமை, கிடைக்கிறது. டெக்ஸஸ் டெக்கில் படித்த ஸ்வீடன்காரர் லுட்விக் ஓபெரி முதல் ஆள், அதே ஆண்டு ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பையிலும் ஆடிவிட்டார். இதனால் பெரிய வீரர்கள் நான்கு வருடமும் படிப்பை முடிக்கிறார்கள், அது நல்லது.

அந்தப் பட்டியலுக்குச் சற்று முந்தைய தலைமுறையில் எனக்குப் பிடித்தவர் சாஹித் தீகலா. இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குக் கலிஃபோர்னியாவில் பிறந்து, மாலிபு கடற்கரையோரம் உள்ள பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். மணிக்கட்டுக் காயத்தால் ஒரு சீசன் முழுதும் ஆடவில்லை. திரும்பி வந்து 2019–20 சீசனில் ஹாஸ்கின்ஸ், ஹோகன், நிக்லாஸ் என்று பெரிய விருதுகள் மூன்றையும் ஒரே ஆண்டில் வாங்கினார். ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவால் சீசனே நின்றுபோனது. தேசியப் போட்டி நடக்கவேயில்லை. அவர் தொழில்முறைக்குப் போனார். மறு ஆண்டு, அவர் இல்லாத பெப்பர்டைன் இறுதியில் ஓக்லஹோமாவை வென்று 1997-க்குப் பிறகு முதல் பட்டத்தை எடுத்தது. நாட்டிலேயே சிறந்த வீரரை இழந்த அடுத்த வருடம் ஒரு அணி சாம்பியன் ஆகிறது என்றால், அவருக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தவர்கள் யாரென்று அப்போதே பார்த்திருக்க வேண்டும்.

சரி, என் அணிக்கு வருகிறேன். இந்த முறை நான் கவனிப்பது மூன்று பேரை. ஒருவர் கடைசி வருட மாணவர். மூன்று வருடமாக நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் உள்ளே வெளியே என்று இருப்பவர். நீளமாக அடிக்க மாட்டார், ஆனால் பங்கரிலிருந்து (மணல்குழியிலிருந்து) அவர் பந்தை எடுப்பதைப்போல் அணியில் யாரும் எடுப்பதில்லை. இரண்டாமவர் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்தவர். அங்கே நம்பர் ஒன், இங்கே இன்னும் யாரென்று யாருக்கும் தெரியாது. மூன்றாமவர் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் முதல் வருட மாணவர். பந்தை மிக நேராக அடிக்கிறார். பட் போடும்போது அவசரப்படுகிறார். இந்த ஊர்ப் புல்லில் கிரீனின் ஓட்டம் அவருக்குப் பழக வேண்டும்.

குவாலிஃபையிங்கில் ஐந்தாவது இடம் கடைசிச் சுற்றின் கடைசி ஹோல்வரை போனது. முதல் வருட மாணவர் எட்டடி பட்டைப் போட்டு ஒரு ஸ்ட்ரோக்கில் உள்ளே வந்தார். வெளியே போனவர் அந்தக் கடைசி வருட மாணவர். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். சீனியர் அங்கேயே நின்று, முதல் போட்டி நடக்கப்போகும் மைதானத்தில் போன வருடம் எந்த கிரீனில் பின்பக்கம் போகக் கூடாது என்று தன் குறிப்பேட்டைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். முதல் போட்டிக்குப் பின் இரண்டு வார இடைவெளி. அப்புறம் அடுத்த குவாலிஃபையிங். அதில் இருவரையும் ஒரே குழுவில் போட்டிருக்கிறார்கள். முதல் ஹோலிலிருந்தே அந்தக் குழுவோடு நடக்கப்போகிறேன்.